வெட்டுன கேன்

பாம்பன் கரையில் சுற்றுலா வருபவர்களைக் கயாக் என்னும் துடுப்புப் படகில் கடலுக்குள் கூட்டிப்போகிறவள் சகாயராணி. படகில் ஏறும் தண்ணீரை இறைக்க அவள் வைத்திருந்த, வாய்ப்பக்கம் வெட்டுன பிளாஸ்டிக் கேன்களை, கடலில் கால் நனைக்காத முதலாளி குணசீலன் குப்பையில் வீசிவிட்டுக் கரண்ட் பம்பு மாட்டினார். உப்புத்தண்ணீர் ஒயரை அரித்தது. நேற்று ஒரு படகு மூழ்கப் பார்த்தது.

“எல்லா பம்பும் ஓடுதுன்னு பாதுகாப்பு நோட்டுல கையெழுத்துப் போடு. இல்லேன்னா வேலையை விட்டுப் போ!” ஏறக் காத்திருந்தவர்கள் முன்னாலேயே கத்தினார்.

சகாயராணி படகைக் கரையோரம் இழுத்து நிறுத்தினாள். “போடுறேன் மொதலாளி. மொதல்ல நீங்க ஏறுங்க. நடுக்கடல்ல நான் தண்ணியை மோந்து உள்ள ஊத்துறேன், நீங்க சுவிட்சைப் போடுங்க.”

எல்லோரும் பார்த்தார்கள். வீம்புக்கு ஒரு காலைப் படகில் வைத்த குணசீலன் முனகினார்: “எதுக்கும் குப்பையில கெடக்குற அந்தக் கேனை எடுத்துட்டு வா.”

“ஒங்க உசுருக்குக் கேனு, ஊரார் உசுருக்கு என் கையெழுத்தா?”