பாட்டு இருக்கும் இடம் சொன்ன மைனா

மூங்கில் காட்டில் சோலைபாடி என்றொரு பறவை இருந்தது. பாட்டுக் கட்டுவதில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அதன் மரத்தடியில் ஒரு கடுவன் குரங்கு காவலுக்கு உட்கார்ந்திருந்தது. "ஒரு பாட்டுக் கேட்க ஒரு பலாப்பழம்!" என்று கறாராகச் சொல்லும். பழம் வந்தால் அதையெல்லாம் குரங்கே தின்னும். சோலைபாடிக்கு ஒரே ஒரு சுளை!

அதே காட்டில் துடுக்கி என்ற மைனாவும் இருந்தது. அதற்குப் பாட்டென்றால் உயிர். பலாப்பழத்துக்கு அது எங்கே போகும்? ஒருநாள் நடுக்காட்டு இலவமரத்தின் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டு கூவியது:

"யாருக்கு எந்தப் பாட்டு வேண்டும்? அது யாரிடம் இருக்கிறது என்று நான் சொல்கிறேன்!"

"எனக்கு மழைப்பாட்டு!" என்றது முயல்.

"கீரியிடம் போ! நேற்றுத்தான் கற்றுக்கொண்டது. உனக்குத் தெரிந்ததை நீ அதற்குச் சொல்லிக்கொடு!"

பத்தே நாளில் காடு முழுக்கப் பாட்டு. தவளைகூடப் பாடியது. தாளம் தப்பினால் என்ன, சந்தோஷம் தப்பவில்லை! துடுக்கிக்குப் பெருமை தாங்கவில்லை.

கடுவனிடம் மட்டும் ஒருவரும் வரவில்லை. அது நேரே காட்டுக்கு நியாயம் சொல்லும் யானையம்மாவின் சபைக்கு ஓடி, மைனா பாட்டைத் திருடிக் கொடுக்கிறது என்று முறையிட்டது. துடுக்கியை அழைத்தார்கள்.

"நான் ஒரு வரிகூடப் பாடித் தரவில்லை, யானையம்மா! இருக்கும் இடத்தைத்தான் சொன்னேன்!"

"அடுத்தவர் தேனடைக்கு வழி காட்டிவிட்டு, நான் நக்கவில்லை என்றால் ஆயிற்றா? மரத்தை விட்டு இறங்கு!" என்றது யானை.

துடுக்கி கண்ணீரோடு இறங்கியது. ஆனால் பாட்டு நிற்கவில்லை. "நடுவில் மைனா எதற்கு?" என்றன கிளிகள். ஒரு வரியை இந்தக் கிளையில் கேட்டன, அடுத்த வரியை அந்தக் கிளையில் கேட்டன. முழுப்பாட்டும் சேர்ந்துவிட்டது!

கடுவனுக்குக் கோபம் தலைக்கேறியது. வாயசைத்தவரையெல்லாம் சபைக்கு இழுத்து வந்தது. ஒருநாள் கிழட்டு ஆமையைப் பிடித்து வந்தது.

"இது பாட்டை முணுமுணுத்தது! பத்துப் பலாப்பழம் அபராதம்!"

"ஐயா, நான் கொட்டாவிதானே விட்டேன்!" என்றது ஆமை.

சபையே சிரித்தது. துடுக்கியும் சிரித்தது. சிரித்தபடி வீடு திரும்பும்போதுதான் அதற்கு உறைத்தது. எல்லாரும் பழைய பாட்டையே பாடிக்கொண்டிருந்தார்கள். புதுப்பாட்டு வந்து எத்தனை நாளாயிற்று!

அது சோலைபாடியின் மரத்துக்குப் பறந்தது. சோலைபாடி எலும்பும் தோலுமாகக் கூட்டில் சுருண்டு கிடந்தது.

"என் பாட்டைக் காடே பாடியபோது பூரித்துப் போனேன், துடுக்கி. ஆனால் கிடைத்த ஒரு சுளையும் நின்றுபோயிற்று. வெறும் வயிற்றில் பாட்டு எப்படி வரும்?"

கடுவனைத்தான் ஏய்த்தோம் என்று துடுக்கி இத்தனை நாளும் நினைத்திருந்ததே! மறுநாள் யாரும் அழைக்காமலே சபைக்குப் போனது.

"யானையம்மா, தப்பு என்மேலும் உண்டு. ஆனால் பலாப்பழம் கேட்டால் எறும்பு என்ன செய்யும்? பாட்டுக்கு ஒரு நாவல்பழம் என்று வையுங்கள். அதை நேரே சோலைபாடியின் கூட்டில் போடட்டும். பிறகு யாரிடம் வேண்டுமானாலும் கற்கட்டும்!"

"அப்போது எனக்கு?" என்று குதித்தது கடுவன்.

"உனக்குத்தான் மரமேறத் தெரியுமே! பறித்துத் தின்!" என்றது யானை.

முதல் பழத்தை முயல் கொண்டுவந்தது. எறும்புகள் ஊரே கூடி ஒரு பழத்தை உருட்டி வந்தன. நரி மட்டும் கடைசிவரை ஒரு பழமும் தரவில்லை. அதைத் துரத்திக்கொண்டு யாரும் அலையவுமில்லை. மற்றவர் தந்ததிலேயே கூடு நிரம்பிவிட்டது.

ஏழாம் நாள் காலை சோலைபாடி ஒரு புத்தம்புதுப் பாட்டை எடுத்தது. அதன் அலகெல்லாம் ஊதா நிறம்! கிளியும் கீரியும் ஆமையும் மரத்தடியில் நெருக்கியடித்து நின்றன. துடுக்கி ஒரு நாவல்பழத்தைக் கூட்டில் வைத்துவிட்டு, முதல் ஆளாகக் காது கொடுத்தது.

பகிர்ந்துகொள்வது நல்லதுதான், ஆனால் படைத்தவர் வயிறு காயும்படிப் பகிர்ந்தால் பகிர்வதற்கே ஒன்றும் மிஞ்சாது.