பேராசிரியர் இப்போதுதான் வெளியே போனார்

தென்காசிப் பக்கம் அரசு உதவி பெறும் ஒரு கல்லூரி. அங்கே லேப் அட்டெண்டராக இருந்தவர் சுடலைமணி. ஊழியர் சங்கச் செயலாளரும் அவரேதான். சங்கம் என்ற பேச்சை எடுத்தாலே தாளாளர் குலசேகரத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

ஒருநாள் ஆய்வுக்கு அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. தாளாளருக்கு வேர்த்துக் கொட்டியது. இயற்பியலுக்கு ஆளே போடாமல் அரசிடம் சம்பளம் மட்டும் வாங்கிக்கொண்டிருந்தார் அவர்.

சுடலைமணியைக் கூப்பிட்டு, ஒரு கோட்டை நீட்டினார். "இதை மாட்டிக்கிட்டுப் பேராசிரியரா உட்காரு. முடியாதுன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராதே."

சுடலைமணி கோட்டை வாங்கிக்கொண்டார். "சரிங்கய்யா" என்றார்.

அதிகாரி அம்மா வந்தார். கோட்டுக்காரரைக் காட்டி, "இவர்தான் எங்க இயற்பியல் பேராசிரியர்" என்று தாளாளர் பூரித்தார்.

"நல்லது. சங்கப் பிரதிநிதியையும் பார்க்கணுமே?"

"இங்க சங்கமே கிடையாதுங்க மேடம்!"

"இருக்கு மேடம், நான் போய் அவரை அனுப்புறேன்" என்று சுடலைமணி எழுந்து போனார். வராந்தாவில் கோட்டைக் கழற்றிவிட்டு, காக்கிச் சட்டையோடு திரும்பி வந்தார்.

"வணக்கம் மேடம். சங்கச் செயலாளர் சுடலைமணி, லேப் அட்டெண்டர்."

அதிகாரி திகைத்தார். "அப்போ பேராசிரியர் எங்கே?"

"இப்பத்தான் வெளியே போனார் மேடம். எங்க ரெண்டு பேரையும் சேர்த்துப் பார்க்கணும்னா, நீங்கதான் ஒரு ஆளைப் போடச் சொல்லணும்."

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு தாளாளர் பக்கம் திரும்பினார். அப்போது அதிகாரியின் முகத்தில் சிரிப்பில்லை.

அடுத்த மாதமே நிஜப் பேராசிரியர் வேலைக்குச் சேர்ந்தார். தாளாளருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "சார், சங்கத்துல சேர யாரைப் பார்க்கணும்?"