ஆறிய குழல்

காட்டுக்கு இன்னும் காவல் போடாத காலம். மலை முகட்டில் ஒரு குடிசையில் இருளாயி தனியாக இருந்தாள். முப்பது வயதிருக்கும். மற்றவர்கள் கூட்டமாகப் பறையடித்து மானை விரட்டிப் பிடிப்பார்கள். அவள் ஒருத்திதான் எட்டத்தில் படுத்து ஒரே குண்டில் சாய்ப்பாள். அந்த வேட்டைக்குத் துணை ஆகாது. பக்கத்தில் ஒருவர் தும்மினால் போதும், மான் போய்விடும். இரண்டு வருஷத்துக்கு முன் துப்பாக்கி மருந்து தெறித்து அவளுடைய வலது கண் போயிற்று. அதன்பின் அவள் துப்பாக்கியைத் தொடவில்லை. ஊரில் யாரும் மேலே ஏறி வருவதும் இல்லை.

ஒரு காலையில் அருளப்பன் ஏறி வந்தார். பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்தவர், ஐம்பதைத் தாண்டியவர். தோளில் ரைஃபிள்.

“மலை கொஞ்சம் ஓரமா நகரட்டும். பட்டாளம் வருது” என்றாள் இருளாயி.

அருளப்பன் சிரிக்கவில்லை.

“தங்கச்சி, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கடமானைச் சுட்டேன். முன்னங்கால் ஒடிஞ்சுபோச்சு. நாலு நாளா ஒரு பாறைத் திட்டுல நிக்குது. ஏறவும் முடியல, இறங்கவும் முடியல. அதோட கூட்டம் விட்டுட்டுப் போயிடுச்சு.”

“கிட்டப் போய் முடிச்சிருக்கலாமே?”

“ஆள் போக வழியில்ல. முந்நூறு கஜம், இந்தப் பக்கத்துல இருந்துதான் சுடணும். கீழே செந்நாய் சுத்துது. அதுங்க வழி கண்டுபிடிக்கிறதுக்குள்ள நான் முடிக்கணும். இன்னொரு தடவை தப்பக் கூடாது. கத்துக்குடு.”

“காகிதத்துல சுட்டுக் குறி பார்த்துட்டுத்தான் போனீங்களா?”

அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து விரித்தார். அதே முந்நூறு கஜத்தில் சுட்டது. பத்துக் குண்டில் ஒன்பது உள்ளங்கை அகலத்துக்குள் இருந்தன. ஒன்று மட்டும் ஒரு சாண் தள்ளி, கீழே.

“இது என்ன?”

“அதுவா? அதுதான் முதல் குண்டு. குழல் சூடேறுறதுக்கு முன்னால போனது. அதைக் கணக்குல சேக்குறதில்ல.”

“மான் அதைத்தானே வாங்கிச்சு?”

அருளப்பன் காகிதத்தை மடித்தார். மடித்ததையே மறுபடியும் மடித்தார்.

இருளாயி குழலுக்குள் சுண்டுவிரலை விட்டு எடுத்தாள். விரல் பளபளத்தது.

“தினம் எண்ணெய் போடுறீங்களா?”

“தப்பாம. பட்டாளத்துப் பழக்கம்.”

“முதல் குண்டு இதுல வழுக்கிக்கிட்டுப் போயிருக்கு. துடைங்க.”

அவர் துடைத்து முடிப்பதற்குள் அவள் சிறிய தராசு ஒன்றைக் கொண்டுவந்தாள். படிக்கல்லுக்குப் பதில் குன்றிமணிகள். அவர் கொண்டுவந்த ஈயக் குண்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்தாள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. சில ஒரு குன்றிமணி குறைந்தன.

“உள்ளே காத்து அடைச்சிருக்கு. கிட்டத்துல சுட்டா தெரியாது. எட்டத்துல காட்டிக்கொடுத்துடும்.”

கடைசியில் ஐந்து தேறின. ஐந்துக்கும் மருந்தை ஒரே எடையில் நிறுத்து, தோட்டாவில் அடைக்கச் சொன்னாள்.

“அஞ்சுதானா?”

“நாலு நாளைக்கு நாலு. அஞ்சாவது மானுக்கு.”

“ஒரு நாளைக்கு ஒண்ணா? தங்கச்சி, அங்க அது நொண்டிக்கிட்டு...”

“தெரியும். அது எப்ப தண்ணிக்கு வருது?”

“விடியும்போது. அந்தத் திட்டுலயே பாறை இடுக்குல ஊத்து இருக்கு.”

“அந்தக் குளிர்ல, ஆறிப்போன குழல்ல, அன்னைக்கு முதல் குண்டு. அது எங்க போகுதுன்னுதான் நமக்குத் தெரியணும். அந்தக் குண்டு ஒரு நாளைக்கு ஒண்ணுதானே இருக்கு?”

மறுநாள் விடியலில் ஒரு வெடி. அருளப்பன் முந்நூறு கஜம் நடந்து போய்க் காகிதத்தைப் பார்த்தார். முந்நூறு கஜம் திரும்பி நடந்தார். அதோடு அன்றைய பாடம் முடிந்தது. மீதிப் பகல் முழுவதும் அவர் முன்னால் சும்மா கிடந்தது.

“பட்டாளத்துல வரிசையா நாப்பது பேர் படுத்துச் சுடுவோம்” என்றார் இரண்டாம் நாள். “எவன் குண்டு பட்டதுன்னு எவனுக்கும் தெரியாது.”

“நல்லாத் தூக்கம் வருமே” என்றாள் இருளாயி.

மூன்றாம் நாள், அவர் காட்டிய இரண்டு ஓட்டைகளையும் புதிதாக விழுந்ததையும் பார்த்துவிட்டு, குழல் நுனியிலிருந்த குறியைச் சிறு சுத்தியலால் ஒரு மயிரிழை தட்டினாள். நான்காம் நாள் குண்டு நடுவில் விழுந்தது.

“நீயும் வாயேன்” என்றார் அருளப்பன்.

“பக்கத்துல ஆள் இருந்தா, குண்டு பாதி அவங்களுதுன்னு தோணிடும்.”

ஐந்தாம் நாள் அவர் மட்டும் போனார். எதிர்த்திட்டில் கடமான் நின்றது. விலா எலும்பு தெரிந்தது. அது ஒடிந்த காலை நக்கிக்கொண்டிருந்தது. பள்ளத்திலிருந்து காற்று ஏறிப் புல்லைச் சாய்த்தது. வெயில் ஏறும்வரை அவர் படுத்திருந்தார். காற்று அடங்கவில்லை. தோட்டாவோடு திரும்பினார்.

“காத்து” என்றார்.

இருளாயி களியை உருட்டி அவர் தட்டில் வைத்தாள். அவர் தொடவில்லை. அன்றைக்குப் பள்ளத்தில் செந்நாய்களின் சீழ்க்கை வெகு கிட்டத்தில் கேட்டது.

ஆறாம் நாள் புல் அசையவில்லை. ஒரே வெடி. கடமான் முட்டி மடங்கி, படுப்பதுபோல் படுத்தது. பிறகு அசையவில்லை. சத்தம் நாலு மலையிலும் மோதித் திரும்பி வந்து அடங்கியது. பட்டது என்று சொல்லப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. அருளப்பன் தாமே அதை வாய்விட்டு ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்.

குடிசைக்கு வந்ததும் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்தார்.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது. ரொம்ப நேரம் இல்ல. உடனே.”

தண்ணீர் குடித்தார். முதல் தடவையாக அவளை ஆசான் என்று அழைத்தார்.

“ஆசானே, அது என்னை மன்னிச்சிருக்குமா?”

இருளாயி தராசுத் தட்டிலிருந்த குன்றிமணிகளைத் துணியில் முடிந்துகொண்டிருந்தாள்.

“அது உங்களை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையே, அண்ணே.”