சன்னாசியின் ஸ்டாம்பு

முதலாவது, ஈரம் என்று சொல்லி எஸ்டேட்காரர்கள் தேயிலைக் கொழுந்து எடையில் கூடைக்கு இரண்டு கிலோ கழித்தார்கள். இரண்டாவது, ஏன் என்று கேட்டவர்களின் லைன் வீடுகளுக்குத் தண்ணீரை நிறுத்தினார்கள். மூன்றாவது, பழைய பம்பு ஷெட்டில் மறைந்திருந்த போராட்டக்காரர்கள் பதினோரு பேரைப் போலீசில் பிடித்துக் கொடுத்தார்கள். அவர்களில் மாடத்தி திரும்பி வரவே இல்லை. நான்காவது, அந்த மறைவிடத்தை மேனேஜருக்குக் கடிதம் எழுதிக் காட்டிக்கொடுத்த சக தொழிலாளி சன்னாசி, எஸ்டேட் கேட்டில் எல்லோர் முன்பும் நின்று, 'நான் எழுதவில்லை' என்று பொய் சொன்னான்.

நாற்பது வருடமாகச் சங்கத் தலைவர் கொம்பையா இந்த அநியாயங்களை இதே வரிசையில் சொல்லி வந்தார். நோட்டீசில் அச்சடித்தார். மேடையில் முழங்கினார். தாடி நரைத்தது. வரிசை மாறவில்லை.

இப்போது கேட்டருகே அந்தப் போராட்டத்துக்கு நினைவுக்கல் வைக்கிறார்கள். திறந்து வைத்து வாசிக்கப்போகிறவர் அவர்தான். இறந்துபோன சன்னாசியின் மகள், அப்பா பெயரையும் கல்லில் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருந்தாள். அவளுக்கான பதில் கொம்பையாவின் பெட்டியில் இருந்தது. சன்னாசியின் பெயர் போட்ட அந்தக் கடிதத்தின் உறை, ஒரே சாட்சி. ஆபீஸ் கணக்கப்பிள்ளை அன்று ரகசியமாக அவர் கையில் திணித்தது.

அதை அசல் என்று அவரே நிரூபிக்க வேண்டும். அதற்காகத்தான் எழுபத்திரண்டு வயதில், பழைய ஸ்டாம்பு சேர்க்கும் சலேத் டீச்சரிடம் பாடம் கேட்கப் போனார். டீச்சருக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

டீச்சரின் வீட்டுக்குள் மலையின் மஞ்சு மூட்டம் கேட்காமலே வந்து போகும். மேஜையில், கட்டிலில், தரையில் வெள்ளைப் பீங்கான் தட்டுகள். தட்டுகளில் தண்ணீர். தண்ணீரில் பழைய ஸ்டாம்புகள். ராஜாக்களும் மயில்களும் ரயில் என்ஜின்களும், ஒட்டியிருந்த காகிதத்தை விட்டு மெல்ல விலகிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரம் பார்த்தால் வீடே மிதப்பது போலிருக்கும்.

"போலியை எப்படி டீச்சர் கண்டுபிடிக்கிறது?"

டீச்சர் ஒரு தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

கொம்பையா ஸ்டாம்பின் முனையைப் பிடித்து இழுத்தார். மயிலின் தோகை கிழிந்தது.

"உரிக்கிறதுக்கு இது என்ன வாழைப்பழமா, தோழர்?"

"பின்னே?"

"காகிதம் தானா விடும். சும்மா இருங்க."

"அது ஒண்ணுதானே எனக்கு வராது."

"இந்த மலைக்கே தெரியுமே."

மூன்று மாதம் சும்மா இருக்கப் பழகினார். கல் திறப்புக்கு முந்தின நாள் மத்தியானம், உறையை எடுத்து மேஜையில் வைத்தார்.

டீச்சர் பூதக்கண்ணாடியில் பார்த்தார். வட்டமான தபால் முத்திரை, பாதி ஸ்டாம்பிலும் பாதி உறையிலும் விழுந்திருந்தது.

"ஸ்டாம்பு அசல். அது மேல இருக்கிற முத்திரையும் அசல்."

கொம்பையா எழுந்துவிட்டார். "எனக்கு அது போதும்."

"நான் ஸ்டாம்பைத்தான் சொன்னேன். உறையைத் தண்ணி சொல்லட்டும். நீங்களே போடுங்க."

அவர் கை தட்டின் மேல் நின்றது. "எவ்வளவு நேரமாகும்?"

"அரை மணி."

"ஒரு ஸ்டாம்புக்கா?"

"சன்னாசிக்கு எவ்வளவு நேரம் கொடுத்தீங்க?"

"கேட்டுல உறையைத் தூக்கிக் காட்டினேன். கூட்டம் காறித் துப்புச்சு." உறையைத் தண்ணீருக்கு மேலே கொண்டுவந்தார். "ஒரு பீடி நேரம்."

உறையைப் போட்டார்.

மஞ்சு வந்து தட்டின் மேல் தங்கியது. தண்ணீருக்குள் கேட் தெரிந்தது. அங்கே சன்னாசி நின்றுகொண்டிருந்தார். கன்னத்தில் வழிந்த எச்சிலை அவர் துடைக்கவில்லை. யாரையோ தேடுகிறவர் போலக் கூட்டத்தைப் பார்த்தார். மஞ்சு விலகியது.

ஸ்டாம்பு தனியாக மிதந்தது. அதன் மேலிருந்த கறுப்பு அரைவட்டம் அப்படியே இருந்தது. உறையிலிருந்த அரைவட்டம் ஊதாப் புகையாகக் கரைந்துகொண்டிருந்தது.

"போஸ்டாபீஸ் மை தண்ணிக்கு அசையாது," என்றார் டீச்சர். "இது பேனா மை. வேற உறையிலிருந்து ஸ்டாம்பை எடுத்து இதுல ஒட்டி, மிச்ச வட்டத்தைக் கையால வரைஞ்சிருக்காங்க. இந்த உறை தபாலைப் பார்த்ததே இல்லை."

கொம்பையா மேஜையைக் குத்தினார். தட்டுகள் எல்லாம் நடுங்கின.

"ஆபீஸ்காரனுங்க வேலை! நம்ம ஆளை நம்ம கையாலயே அடிக்க வச்சிருக்கானுங்க. எழுதிக்கோங்க டீச்சர், இது அஞ்சாவது அநியாயம்!"

"எழுதிக்கலாம். நாலாவதை என்ன செய்ய?"

அவர் உட்கார்ந்தார்.

"நான் பொய் சொல்லலை டீச்சர். நெஜமாவே நம்பினேன். நான் அசல்."

டீச்சர் ஸ்டாம்பை இடுக்கியால் எடுத்து, ஒற்றுத்தாளில் வைத்து, அவர் கையில் கொடுத்தார்.

"இதுவும் அசல்தான் தோழர். அதனாலதான் அந்த உறையை எல்லாரும் நம்பினாங்க."

மறுநாள் கேட்டில் இருநூறு பேர் நின்றார்கள். முன்வரிசையில் சன்னாசியின் மகள். கொம்பையா முதலாவதை வாசித்தார். இரண்டாவதையும் மூன்றாவதையும் வாசித்தார். காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார்.

"நான்காவது, இதே கேட்டில், எல்லோர் முன்பும் நின்று, குற்றமற்ற சன்னாசியின் மேல் பொய்ப் பழி சுமத்தியவன்."

கூட்டத்தில் ஒருவர் கத்தினார்: "பேரைச் சொல்லுங்க தோழர்!"

அவர் மைக்கை வாயருகே இழுத்தார்.

"கொம்பையா."