ஒரு சாண் வித்தியாசம்

அம்பலநாதர் மடத்தில் பாடமெல்லாம் கயிற்றில்தான். சாணுக்கு ஒரு முடிச்சு. மூன்று சாண், நான்கு சாண், ஐந்து சாண் என்று இழுத்துக் கட்டினால் மூலை கச்சிதமான செங்கோணமாக நிற்கும். சேர்ந்த அன்றே எல்லோரும் இதைக் கற்றுக்கொண்டுவிடுவார்கள்.

கடைசிக் கேள்விதான் ஆளைக் கொல்லும். ஒவ்வொருவருக்கும் குரு ஒன்று கொடுப்பார். விடை கொண்டுவந்தவர் மடத்திலேயே ஆசிரியராகலாம். மற்றவர் தன் கயிற்றின் முடிச்சுகளை அவிழ்த்து வைத்துவிட்டு ஊர் போய்ச் சேர வேண்டியதுதான்.

தேவகுஞ்சரிக்கு ஆசிரியையாக வேண்டுமென்று கொள்ளை ஆசை. அவளுக்கு வந்த கேள்வி இது.

"செங்கோணத்தோட ரெண்டு கையும் ஒரே அளவா இருக்கணும். மூணு பக்கமும் முழுச் சாணா இருக்கணும். கொண்டா."

சீக்கிரமே கொண்டுவந்தாள். பன்னிரண்டு, பன்னிரண்டு, பதினேழு. முளையடித்து இழுத்துக் கட்டினாள். மூலை அழகாக நின்றது. கூடியிருந்தவர்கள் ஆகா ஓகோ என்றார்கள்.

"கயிறு ஒத்துக்குது. கணக்கு ஒத்துக்குதா?" என்றார் குரு.

மணலில் போட்டுப் பார்த்தாள். பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கி, அதை இரண்டு தரம் கூட்டினால் இருநூற்று எண்பத்தெட்டு. பதினேழைப் பதினேழால் பெருக்கினால் இருநூற்று எண்பத்தொன்பது. அவள் முகம் சுருங்கிவிட்டது.

"ஒண்ணு இடிக்குது சாமி. நான் இழுத்த இழுப்புக்குக் கயிறு வந்துடுச்சு."

"அப்போ மறுபடி தேடு."

மழைக்காலம் முழுக்கத் தேடினாள். பிறகு திரும்பி வந்து குருவின் முன் நின்றாள்.

"ரெண்டு கையும் சமமா வரவே மாட்டேங்குது சாமி. இருபது, இருபத்தொண்ணு, இருபத்தொன்பது. கணக்கு சுத்தம். ஆனா கையில ஒரு சாண் வித்தியாசம்."

குரு நிமிர்ந்து உட்கார்ந்தார். "வேற?"

"நூத்திப் பத்தொன்பது, நூத்தி இருபது, நூத்தி அறுபத்தொன்பது. மூணு, நாலு, அஞ்சுல இருந்த அதே ஒரு சாண் இதுலயும். எவ்வளவு பெருசாப் போனாலும் அந்த ஒண்ணு என்னை விடமாட்டேங்குது. நான் தோத்துட்டேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள்.

குரு மணலில் இறங்கி உட்கார்ந்தார். இரண்டு கணக்கையும் தாமே போட்டார். நம்பாமல் அழித்துவிட்டு மறுபடி போட்டார். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து மடத்தில் யாரும் பார்த்ததில்லை.

"அவிழ்க்காதே. நாளையிலேருந்து நீதான் இங்க பாடம் சொல்லணும். முதல்ல எனக்குச் சொல்லு."

"நீங்க கேட்டதை நான் கொண்டுவரலையே சாமி?"

"நான் கேட்டது உலகத்துலயே கிடையாதுன்னு எனக்குத் தெரியும். நீ கொண்டுவந்தது இருக்குன்னு எனக்குத் தெரியாதே, தாயி!"