மடித்த இலை

"நான் வீட்டுல இல்லையாம்மா!"

வந்ததும் வராததுமாக ஆவுடையப்பன் கொட்டித் தீர்த்தார். அவர் கல்யாணச் சமையல் காண்ட்ராக்டர். வயது அறுபதை நெருங்குகிறது. எதிரே உட்கார்ந்திருந்த உலகம்மைக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். மலையடிவாரத்தில் சின்னதாக ஒரு மடம் நடத்துகிறவர். அதிகம் பேசமாட்டார். அதனாலேயே அவரைத் தேடி ஆட்கள் வந்தார்கள்.

"யார் சொன்னது?"

"எம் மவ கோமதி. தலை ஆடிக்கு அழைக்கப் போனேன். நீங்க இல்லாத வீட்டுக்கு எதுக்குப்பா வரணும்னுட்டா. நான் எங்கம்மா போனேன்? அவ கல்யாணத்துல மொத ஆளா வந்து கடைசி ஆளாப் போனவன் நான்தான்!"

"தாலி கட்டும்போது?"

"அடுப்படியில நின்னேன். சாம்பார் பத்தலைன்னு ஒரே சத்தம். பெறகு?"

உலகம்மை தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினார்.

"எனக்கு ஒண்ணும் புரியலை. ஒரு வார்த்தை சொல்லுங்க, போயிருதேன்."

"கொஞ்ச நாள் இங்க சும்மா இருங்க."

ஆடியில் முகூர்த்தம் கிடையாது. போனை அணைத்துவிட்டு இருந்தார். ஆனால் ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்குமா? கண்ணை மூடினால் பந்தி ஓடியது. திறந்தால் மடத்துச் சமையலறை தெரிந்தது. விறகை இப்படியா அடுக்குவது என்று ஒருநாள் சத்தம் போட்டார். மறுநாள் கரண்டி மாட்ட ஆணி அடித்தார். மடத்துச் சமையல்காரர் இவர் தலையைக் கண்டாலே ஒளிய ஆரம்பித்தார், பாவம்.

"மனசு அடங்கலைம்மா. அவ வராமலே ஆடி போயிரும்போல இருக்கு."

"சாப்பிட வாங்க" என்றார் உலகம்மை.

அன்று பௌர்ணமிப் பந்தி. வரிசையின் நடுவில் அவரை உட்கார வைத்தார். பந்தியில் உட்கார்ந்து ஆவுடையப்பனுக்கு வருஷக்கணக்காகிறது. இலையில் தண்ணீர் தெளித்தார். அதோடு கண் பக்கத்து இலைகளுக்குப் போய்விட்டது.

"அந்த ஓரத்து இலைக்கு அப்பளம் வரலை பாருங்க."

"பெரியவர் சோத்துல குழி பறிச்சிட்டாரு, ரசத்தை ஊத்துங்கய்யா!"

"மோரு, மோரு!"

பந்தி முடிந்தது. எல்லோரோடும் சேர்ந்து அவரும் இலையை மடித்தார். எழப் போனார்.

உலகம்மை எதிரே வந்து நின்றார்.

"சாப்பாடு எப்படி?"

"குறை சொல்லக் கூடாது. ரசத்தை மட்டும் கொதிக்க விட்டுட்டாங்க. நுரை கட்டினதும் எறக்கியிருக்கணும்."

"இலையைத் திறங்க."

திறந்தார்.

தெளித்த தண்ணீர் அப்படியே இருந்தது. ஒரு பருக்கைகூட இல்லை.

ஆவுடையப்பன் இலையைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். கை காய்ந்து கிடந்தது.

"எனக்குப் பரிமாறலையா?"

"வேண்டாம்னு நான்தான் சொன்னேன்."

"நான் சாப்பிட்டேனே..." என்றவர், திருதிருவென்று விழித்தார்.

யாரோ சிரித்தார்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருந்தது.

பந்தி கலைந்தது. அவர் எழவில்லை. யாரும் அவரை எழுப்பவும் இல்லை. வயிற்றுக்குள் என்னவோ பிசைந்தது. அது இன்னதென்று புரிய அவருக்கு வெகுநேரம் ஆனது.

"அம்மா... எனக்குப் பசிக்குது."

கண் நிறைந்துவிட்டது அவருக்கு.

உலகம்மை சோறு கொண்டுவரச் சொல்லவில்லை.

"மக வீடு எவ்வளவு தூரம்?" என்று கேட்டார்.