விளிம்பில் நின்ற தண்ணீர்

தாண்டவ சாமியின் மடத்துக்கு மாடு கொண்டுவந்து விட்டவர்களைவிட மீன் கொண்டுவந்து விட்டவர்கள்தான் அதிகம். டவுனில் ஆசைப்பட்டு வண்ண மீன் வாங்குவார்கள். கொஞ்ச நாளில் பார்க்க ஆளிருக்காது. சாக்கடையில் கொட்ட மனசு வராது. தண்ணீரோடு ஒரு பையில் கட்டித் தூக்கிக்கொண்டு மலையடிவாரத்துக்கு வந்துவிடுவார்கள். சாமி எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. மண்டபத்திலிருந்த கண்ணாடித் தொட்டியில் எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தார்.

மனக்குறையோடு வருகிறவர்களுக்கும் அப்படித்தான். அவர்களை உட்காரவைத்துக் காது கொடுக்கும் வேலை செண்பகவல்லியுடையது. கோவில்பட்டியில் பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸாக இருந்து ஓய்வு பெற்று, சாமியிடம் சிஷ்யையாக வந்து சேர்ந்தவள். வயதில் சாமியைவிட மூத்தவள்.

ஒருநாள் காலையில் அவள் பையைக் கட்டி எடுத்துக்கொண்டு சாமி முன்னால் வந்து நின்றாள்.

"முடியல சாமி. கேட்டதெல்லாம் உள்ளேயே நிக்குது. சோறு இறங்கல, தூக்கம் வரல. உடைஞ்சிருவேன்போல இருக்கு. நான் கிளம்புறேன்."

சாமி அவளை மண்டபத்துக்குக் கூட்டிப்போனார். தொட்டித் தண்ணீர் கலங்கி, பழுப்பேறி இருந்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

"இதுக்கும் அதே பாடுதான்," என்றார் சாமி. "இதைச் சரிபண்ணிட்டுப் போங்க."

மூச்சுக்குத் தவிக்கும் உயிரைப் பார்த்துவிட்டு நகர்ந்துபோக செண்பகவல்லிக்குத் தெரியாது. பையைத் தூணோரம் வைத்தாள்.

டவுனிலிருந்து கண்ணாடிக் கடை மரியசெல்வம் வந்து பார்த்தார். வழி இருக்கிறது என்றார். தொட்டிக்குக் கீழே இன்னொரு தொட்டி வைக்க வேண்டும். அதை சம்ப் என்பார்கள். மேல் தண்ணீர் அதில் இறங்கி, பஞ்சிலும் கல்லிலும் புகுந்து தெளியும். தெளிந்ததை மோட்டார் மறுபடி மேலே ஏற்றும். அழுக்கும் தங்காது, மீனுக்கு மூச்சும் கிடைக்கும். மேல் தொட்டியில் ஒரு ஓட்டை போட்டால் போதும்.

சொல்லிக்கொண்டே கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தவர், எடுத்த டிரில்லிங் மிஷினைப் பெட்டிக்குள் திரும்ப வைத்துவிட்டார். இது சூடேற்றி இறுக்கிய கண்ணாடி, துளை போட்டால் மொத்தமும் பொரியாக உதிர்ந்துவிடும் என்றார்.

செண்பகவல்லி மாட்டுத் தொழுவத்துக்குப் போய் சாமியிடம் சொன்னாள். சாமி சாணி அள்ளுவதை நிறுத்தவில்லை.

"ஓட்டை போடாம இறக்குங்க," என்றார்.

அவள் தொட்டி முன்னால் வந்து உட்கார்ந்தாள். பக்கவாட்டில் வழியில்லை, அடியில் வழியில்லை. மிச்சமிருப்பது மேலே மட்டும்தான். ஆனால் தண்ணீர் எங்கேயாவது தானாக மேலே ஏறுமா? யோசித்தவளுக்கு, எத்தனையோ பேருக்கு டிரிப்ஸ் ஏற்றிய கை சட்டென்று நினைவுக்கு வந்தது. குழாய்க்குள் காற்று இருக்கக் கூடாது. காற்றில்லாத குழாயில் கீழே இறங்கும் தண்ணீர் பின்னால் இருப்பதையும் இழுத்துக்கொண்டு வரும்.

ஒரு ரப்பர் குழாயைத் தொட்டிக்குள் முழுக அமுக்கினாள். கடைசிக் குமிழும் வெளியேறியது. ஒரு முனையை விரலால் அடைத்து, விளிம்புக்கு மேலாக வளைத்து, கீழே வைத்திருந்த சம்ப்புக்குள் இறக்கி விரலை எடுத்தாள். தண்ணீர் கண்ணாடிச் சுவரில் ஏறி, விளிம்பைத் தாண்டி, மறுபக்கம் கடகடவென்று கொட்டியது. செண்பகவல்லிக்கு மயிர்க்கூச்செறிந்தது. பச்சைக் குழந்தையின் முதல் அழுகையைக் கேட்ட மாதிரி இருந்தது. மரியசெல்வத்தைக் கூப்பிட்டாள், சமையல்கட்டில் இருந்தவர்களைக் கூப்பிட்டாள், வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர்களையும் கூப்பிட்டாள். மோட்டாரைப் போட்டதும் கீழ்த் தண்ணீர் மேலே வந்தது, மேல் தண்ணீர் கீழே போனது. பொழுது சாய்வதற்குள் மீன்கள் அடியில் இறங்கி ஓடிப்பிடித்து விளையாட ஆரம்பித்தன.

"எனக்குப் புரிஞ்சிருச்சு சாமி," என்றாள். "உள்ள வர்றதை வெளிய விட்டுரணும். அவ்வளவுதானே?"

சாமி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

மறுநாள் அவள் உற்சாகமாக மண்டபத்தில் உட்கார்ந்தாள். யார் என்ன சொன்னாலும் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டாள். உடம்பு பஞ்சுபோல் இருந்தது. பக்கத்துத் தெரு மாரிக்கனி வந்து, கோபித்துக்கொண்டு போன மகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். செண்பகவல்லி சிரித்த முகமாக, ம் கொட்டிக்கொண்டிருந்தாள். பாதியில் மாரிக்கனி நிறுத்திவிட்டாள். செண்பகவல்லியின் சிரித்த முகத்தைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அவள் ஏன் போனாள் என்று செண்பகவல்லி யோசிப்பதற்குள் கரண்டு போயிற்று.

மோட்டார் நின்றது. குழாய் நிற்கவில்லை. அதுபாட்டுக்கு மேல் தொட்டியை உறிஞ்சிக் கீழே தள்ளிக்கொண்டே இருந்தது. சம்ப் நிரம்பி வழிந்து மண்டபமெல்லாம் தண்ணீரானது. அதற்குள் அடுத்தவருக்கு ம் கொட்ட ஆரம்பித்திருந்தவள், கால் நனைந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். வழுக்கி விழுந்து, எழுந்து ஓடிக் குழாயைப் பிடுங்கி எறிந்தாள். தொட்டியின் அடியில் விரல்கடை அளவுதான் தண்ணீர். மீன்கள் ஒருக்களித்துப் படுத்துத் துடித்தன. யார் யாரோ குடத்தோடும் வாளியோடும் ஓடிவந்து ஊற்றினார்கள். நல்லவேளை, எல்லாம் பிழைத்தன.

சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவளோடு சேர்ந்து தரையைத் துடைத்தார்.

"தண்ணிக்கு இறங்க வழி காட்டினீங்க," என்றார். "எங்க நிக்கணும்னு சொன்னீங்களா?"

செண்பகவல்லியின் கை துணியோடு அப்படியே நின்றது. மாரிக்கனி எழுந்து போனது அப்போதுதான் அவள் நெஞ்சில் வந்து இடித்தது.

அன்றைக்கே டவுனுக்கு பஸ் ஏறினாள். கடையில் மரியசெல்வத்தை உட்காரவைத்து, தரையில் சாக்கட்டியால் வரைந்து காட்டினாள். அவருக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. இருவரும் அழித்து அழித்து வரைந்தார்கள். கடைசியில் இரண்டு சின்னப் பெட்டிகள் செய்தார்கள். ஒன்று தொட்டிக்கு உள்ளே, இன்னொன்று வெளியே. இரண்டுக்கும் நடுவே விளிம்பைத் தாண்டி வளைந்த குழாய். உள்பெட்டியின் வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும். அதற்கு மேல் ததும்பும் தண்ணீர் மட்டுமே பெட்டிக்குள் விழும். வெளிப்பெட்டியிலிருந்து சம்ப்புக்கு இறங்கும் போக்குக்குழாயும் பாதி உயரத்தில்தான் தொடங்கும். அதனால் வளைகுழாயின் இரண்டு முனையும் எந்நேரமும் தண்ணீரில் முழுகியே இருக்கும், உள்ளே காற்று புகாது. மோட்டாரிலிருந்து வரும் குழாயை மட்டும் தண்ணீரைத் தொடாமல் மேலேயே நிறுத்தினார்கள், அந்த வழியாகவும் திரும்பி இறங்கிவிடக் கூடாதென்று.

மடத்தில் பொருத்தி முடித்ததும் செண்பகவல்லி தன் பழைய சிரிஞ்சால் வளைகுழாயிலிருந்த காற்றை இழுத்தெடுத்தாள். தண்ணீர் ஓட ஆரம்பித்தது. மண்டபத்தில் கூடியிருந்தவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அவளே போய் மோட்டார் சுவிட்சை அணைத்தாள்.

தண்ணீர் கொஞ்சம் இறங்கியது. இன்னும் கொஞ்சம் இறங்கியது. பெட்டியின் விளிம்புக்கு வந்ததும் கோடு போட்டதுபோல் நின்றது. வெளியே கொட்டிக்கொண்டிருந்தது நூலாகி, சொட்டாகி, அதுவும் நின்றது. சம்ப் வழியவில்லை. மீன்கள் எதுவும் நடக்காததுபோல் நீந்திக்கொண்டிருந்தன. சுவிட்சைப் போட்டாள். மேல் தண்ணீர் ததும்பியது. யாரும் தொடாமலே வளைகுழாய் மறுபடி ஓட ஆரம்பித்தது.

மண்டபத்தில் கைதட்டல் எழுந்தது. மரியசெல்வம் பெட்டியைத் தடவித் தடவிப் பார்த்தார். செண்பகவல்லி சமையல்கட்டுக்கு ஓடினாள். சாமி பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அவள் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள், கையால் பெட்டி வரைந்து காட்டினாள், நின்ற மட்டத்தைக் காட்டினாள். சாமி கத்தியைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார்.

சொல்லி முடித்த பிறகும் அவள் போகவில்லை.

"மாரிக்கனி வீட்டுக்குப் போறேன் சாமி," என்றாள் மெதுவாக. "அவ அழும்போது எவ்வளவு வெளிய விடணும், எவ்வளவு எனக்குள்ள வெச்சுக்கணும்?"

சாமி மறுபடி கத்தியை எடுத்தார்.

"மீன் நீந்துற அளவு வெச்சுக்கோங்க."